கொக்கின் தலையசைப்பைச் சம்மதமாகக் கொள்ளலாகாது

அனுப்புநர்
கோரா லிண்ட்ஸ்ட்ரம்,
மில் தெரு,
டால்பி கிரீக், அயோவா.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மூன்று ஆறுகள் பேஸ்பால் லீக்.

வழி: நேரடியாக. (அணி அலுவலகத்தின் வழியாக அனுப்பினால் இம்மனு அணி அலுவலகம் வரைதான் வரும்.)

பொருள்: டால்பி கிரீக் கொக்குகள் அணியின் பந்துவீச்சாளர் திரு. டுவேன் பிக்கெட் அவர்களை, ஒரு மழைத் தார்ப்பாய்க்கு ஈடாக ஹார்லோ கோவேறு கழுதைகள் அணிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊர்ச் செய்தித்தாளில் புதன்கிழமை வெளியான “கொக்கு உற்சாகச் சம்மதம்” என்னும் செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் டால்பி கிரீக் கொக்குகளின் ரசிகை. வயது பதினேழு. நடக்கப் பழகிய நாள் முதல் மூன்றாம் பேஸ் பக்கத்து மரப் பலகைகளில்தான் என் கோடைகாலங்கள் கழிந்திருக்கின்றன. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். அதன் காரணம் இந்தப் புகாரில் சேராது. ஆனாலும் யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. எழுதுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஆகவே இம்மனு சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. எங்கள் அணியின் பொது மேலாளர் திரு. கார்வின் டிப்டன் அவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. அவர் கெட்டவர் அல்லர். சுறுசுறுப்பானவர், சிக்கலே அதுதான். பதவிக்கு வந்ததிலிருந்து அவர் எடுத்த முடிவுகளை எல்லாம் நாங்கள் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறோம். ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த திருமதி ஓல்சனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதிவு செய்த இசையைப் போட்டார். ஏற்றுக்கொண்டோம். மடிக்கணினியுடன் வந்த ஓர் ஆலோசகரின் பேச்சைக் கேட்டு வெளிக்களத்து வீரர்கள் மூவரையும் வலப்பக்கமாக நகர்த்தி நிறுத்தினார். அன்று எதிரணி அடித்த பந்துகள் எல்லாம் இடப்பக்கம் போய், ஆளில்லாத புல்வெளியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டன. அதையும் ஏற்றுக்கொண்டோம். பிறகு இடப்பக்க மூலையில் இருந்த மலிவான இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடி ஆட்டம் பார்ப்பதற்கென்று ஒரு வெந்நீர்த் தொட்டியை வைத்தார். ஜூலை மாத வெயிலில் வெந்நீருக்குள் உட்கார இதுவரை முன்வந்தவர் திரு. டிப்டனின் மைத்துனர் மட்டுமே. அவரையும் நான்காவது இன்னிங்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

3. இவற்றுக்காக நான் மனு எழுதவில்லை. திரு. டுவேன் பிக்கெட்டுக்காகவே எழுதுகிறேன். அவர் ஆறு பருவங்களாக எங்கள் அணியில் பந்து வீசுகிறார். வேகம் கிடையாது. அவர் வீசும் பந்து சுழலாமல் மிதந்து வரும். விளக்கைக் கண்ட விட்டில் போல அங்கும் இங்கும் தடுமாறும். அது எங்கே போகும் என்று அடிப்பவருக்குத் தெரியாது. வீசிய டுவேனுக்கும் தெரியாது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள், அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் எங்கள் கேட்சர் டீட்டோ அரோயோதான். டீட்டோ இருப்பதால்தான் டுவேன் இருக்கிறார். ஹார்லோ அணியில் இந்தப் பந்தைப் பிடிக்க ஆளில்லை. அவரைப் பயிற்சியில் மட்டும் பந்து போடச் சொல்லப் போவதாக அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் விளையாட்டையே விட்டுவிட்டு ஆர்கன்சாவுக்குப் போய் லாரி ஓட்டப் போவதாக டுவேன் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் ஏன் சொன்னார் என்றால், மற்ற வீரர்கள் ஊரில் ஆளுக்கொரு குடும்பத்தோடு தங்குவதைப் போல, டுவேன் கோடைதோறும் எங்கள் வீட்டு நிலவறையில் தங்குகிறார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார். என்னிடம் கேள்வி எதுவும் கேட்கமாட்டார். இரண்டும் எங்கள் வீட்டில் அரிய குணங்கள்.

4. ஆளைக் கொடுத்துப் பொருள் வாங்குவது நம் லீக்கில் புதிதல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒருமுறை, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று ஆடிய எங்கள் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஈடாகப் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று வந்தது. அந்த ஷார்ட்ஸ்டாப்பை விட அது நன்றாக ஓடுவதால் அது குறித்துப் புகார் இல்லை. எங்கள் பழைய தார்ப்பாய் கிழிந்துவிட்டதும், சென்ற ஆண்டு மழையில் களம் சேறாகி ஆட்டங்கள் நின்றதும் உண்மையே. ஆனால் ஹார்லோ தருவதாகச் சொல்லும் தார்ப்பாயின் நடுவே அவர்களுடைய கோவேறு கழுதையின் முகம் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. மழை வரும்போதெல்லாம் எங்கள் களத்தின் நடுவில், எங்கள் மக்கள் முன்னிலையில், அது பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

5. எங்கள் அணி ஊராருக்குச் சொந்தமானது. நெடுநாள் ஆடிய வீரர் ஒருவரைக் கைமாற்ற வேண்டுமானால் ரசிகர்களின் பிரதிநிதி சம்மதிக்க வேண்டும் என்று அணியின் விதி சொல்கிறது. இந்த ஆண்டு அப்பதவிக்கு மூன்று பேர் போட்டியிட்டு, ஏப்ரல் கூட்டத்தில் பொழுது சாயும் வரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது பள்ளிப் பேருந்து ஓட்டும் திருமதி வெர்னா ஓக்ஸ் எழுந்து, “நீங்க மூணு பேரும் பேசியே எங்களக் கொன்னுருவீங்க. பேசாம நம்ம கொக்கையே போட்டுருங்கப்பா. இந்த ஊர்ல அது ஒண்ணுதான் வாயத் தொறக்காது” என்றார். பக்கத்து ஊரில் ஒரு நாயை மேயராக்கி, அது நல்லாட்சியும் நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்ததால், இது யாருக்கும் விபரீதமாகத் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வாறாக, இன்னிங்ஸ்களுக்கு இடையே களத்தில் ஆடிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் அணிச் சின்னமான கொக்கு, ரசிகர்களின் பிரதிநிதியாயிற்று. அது விளையாட்டுக்குச் செய்தது. அலுவலகம் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது.

6. செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு முன்பு திரு. டிப்டன் ஒலிபெருக்கியோடு களத்துக்கு வந்தார். தார்ப்பாயின் பெருமைகளை எடுத்துச் சொன்னார். பிறகு கொக்கைப் பக்கத்தில் அழைத்து, “என்ன கொக்காரே, ரசிகர் பிரதிநிதி நீங்கதானே? டுவேனக் குடுத்துட்டுத் தார்ப்பாய வாங்கிக்கலாமா? சரிதானே?” என்று கேட்டார்.

அந்தக் கொக்குக்குள் இருந்தவள் நான்.

சென்ற ஆண்டு முதல் கொக்கு வேடம் போடுவது நானே. இது என் அம்மாவையும் அலுவலகத்தில் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. வேர்க்கடலைக் கடையின் பின்புறம் குப்பைத் தொட்டி கழுவுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். வேடத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது; தான் யார் என்று வெளியில் சொன்னால் அன்றோடு வேலை போகும். இரண்டும் ஒப்பந்தத்தில் உள்ளவை. இரண்டுமே எனக்கு வசதியாக இருந்தன. ஒரு கடையில் ரொட்டி கேட்கவே தயங்கும் நான், அந்த இறகுகளுக்குள் போனதும் ஊர் முழுவதற்கும் முன்னால் இடுப்பை ஆட்டுவேன்.

கேள்வி கேட்கப்பட்டதும் நான் “முடியாது” என்று பலமாகத் தலையை ஆட்டினேன். ஆனால் என் தலை கொக்கின் கழுத்தளவில்தான் இருக்கிறது. கொக்கின் தலை அதற்கும் மேலே, ஒரு சுருள்வில்லின் மேல் நிற்கிறது. பழைய தலையில் வில் கிடையாது. தலை ஆடினால் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று இந்தப் பருவத்தில்தான் திரு. டிப்டன் இதை வாங்கினார். இதற்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவர் இடமும் வலமுமாக ஆட்டினால், மேலே தலை மேலும் கீழுமாக ஆடும். நான் எவ்வளவு பலமாக மறுத்தேனோ, கொக்கு அவ்வளவு பலமாக ஒப்புக்கொண்டது. பதற்றத்தில் நான் இறக்கைகளையும் அடித்தேன். அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். திரு. டிப்டன் கூட்டத்தைப் பார்த்து, “பாத்தீங்களா, பாத்தீங்களா! ஒரு வாட்டி கேட்டா ஒம்போது வாட்டி சரிங்குது!” என்றார்.

7. அதன் பிறகு நேர்ந்தவற்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். திருமதி ஓக்ஸ் மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, “அடப் பாவிக் கொக்கே! ஒரு பாய்க்கா எங்க டுவேன வித்த? படுக்கப் பாய் இல்லன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, என் வீட்டுல நாலு கெடக்கு!” என்றார். அவர் எறிந்த வேர்க்கடலைத் தோல்கள் இன்னும் இறகுகளுக்குள் இருக்கின்றன. எப்போதும் என் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, கொக்குக் கொடியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “நீ கெட்ட கொக்கு” என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

இரவு உணவின்போது அப்பா, “அந்தக் கொக்கு மட்டும் என் கையில கெடைக்கட்டும், கழுத்தத் திருகி அடுப்புல வெச்சுருவேன்” என்றார். எதிரே உட்கார்ந்திருந்த டுவேன், “விடுங்க கார்ல். கொக்கு என்ன பண்ணும் பாவம்? உள்ள யாரோ ஒரு புள்ளகுட்டிக்காரன் வயித்துப் பொழப்புக்கு ஆடிக்கிட்டிருக்கான். அவன் வேலையக் கெடுத்துறாதீங்க” என்றார். “உனக்கு ரோஷமே கெடையாதாய்யா?” என்று அப்பா கேட்டார். “ரோஷம் இருந்தா இந்த வேகத்துக்குப் பந்து போடுவனா?” என்றார் டுவேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்க்காமலே, “கோரா, சோளத்த அவருக்கு நகத்தும்மா” என்றார்.

ஐயா, தன்னை விற்றவளின் எதிரிலேயே, அவள்தான் என்று தெரியாமல், அவளுக்காக ஒருவர் பரிந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டு சோளம் தின்பது மிகவும் கடினம். இம்மனு அன்று இரவு உணவு மேசையிலேயே எழுதத் தொடங்கப்பட்டது. தாளில் வெண்ணெய்க் கறை இருப்பின் மன்னிக்கவும்.

8. சனிக்கிழமை எங்கள் களத்தில் நடக்கவிருப்பது தலையாட்டிப் பொம்மை நாள். வருகிறவர்களுக்கு எல்லாம் டுவேனின் உருவத்தில் பொம்மை தருவதற்கென்று அலுவலகம் வசந்த காலத்திலேயே சொல்லி வைத்திருந்தது. பொம்மைகளும் வந்துவிட்டன. அன்று எங்களை எதிர்த்து ஆட வருவது ஹார்லோ அணி. ஆகவே தாங்கள் கையொப்பமிட்டால், டால்பி கிரீக் மக்கள் எதிரணிக்காரரின் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே எதிரணிக்காரரைப் பார்த்து ஊளையிட வேண்டியிருக்கும். இதைச் சமாளிக்க, பொம்மைகளின் மீசையை வண்ணம் பூசி மறைத்து, புதிதாக வந்த இரண்டாம் பேஸ் வீரர் என்று சொல்லி வழங்கும்படி திரு. டிப்டன் உத்தரவிட்டார். பூசியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அவை மீசை எடுத்த டுவேனைப் போல இருக்கின்றன. இன்னும் இளமையாக, இன்னும் நம்மவராகத் தெரிகிறார்.

9. என் வாதம் சுருக்கமானது. சம்மதம் தெரிவித்தது சுருள்வில். சுருள்வில் அலுவலகத்தின் சொத்து. ஆகவே அலுவலகம் தன்னிடமே அனுமதி கேட்டு, தனக்கே அனுமதி கொடுத்துக்கொண்டது. இதில் ஐயம் இருந்தால் தாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வேடம் பெரியவர்களுக்கும் பொருந்தும். தாங்கள் அதை அணிந்துகொண்டபின் தங்கள் உதவியாளர் எதிரே நின்று, “ஐயா, பதவியிலிருந்து விலகிக்கொள்கிறீர்களா?” என்று கேட்கட்டும். தாங்கள் எவ்வளவு கண்ணியமாக மறுத்தாலும், அடுத்த ஆணையரைத் தேட வேண்டிய நிலை வந்துவிடும்.

10. எனவே கீழ்க்கண்டவாறு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

(அ) வெள்ளிக்கிழமை தங்கள் மேசைக்கு வரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

(ஆ) ஹார்லோ அணிக்கு ஏதாவது கொடுத்தே தீர வேண்டுமென்றால் எங்கள் வெந்நீர்த் தொட்டியைக் கொடுக்கலாம். அதிகம் பயன்படுத்தாதது. டிப்டனின் மைத்துனரையும் சேர்த்துக் கொடுப்பதில் ரசிகர்களுக்கு ஆட்சேபம் இராது.

(இ) ரசிகர் பிரதிநிதியின் உண்மையான பதில் என்ன என்பதை விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது கோரிக்கைக்கு நான் நேரில் வர வேண்டியிருக்கும் என்பது தெரியும். வேடத்தோடு வந்து பயனில்லை என்பதும் தெரியும். இந்த மனுவில் பெயர் எழுதியதோடு என் வேலை போய்விட்டது என்பதையும் அறிந்தே எழுதுகிறேன். ஆகவே என் சொந்த முகத்தோடு வருகிறேன். எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டித் தெரிவித்தால் உதவியாக இருக்கும். சொல்ல வேண்டியது ஒரே சொல்தான். இரண்டு நாட்களாகக் குளியலறையில் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை அம்மா கதவைத் தட்டி, “யார்கிட்டடி முடியாது முடியாதுன்னு இந்தக் கத்து கத்துற?” என்று கேட்டார்.

தங்களிடம்தான், ஐயா.

இடம்: டால்பி கிரீக்
நாள்: 10 ஜூலை 2014, வியாழன்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோரா லிண்ட்ஸ்ட்ரம்
(இம்மனு தங்கள் கைக்கு வந்து சேரும் வரை, கொக்கு)