ரொட்டி வரிசையில் உன் மகன்

லாமாரா,

உன் ஜனாதிபதி சர்வாதிகாரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. சமாதானம் பேசவும் இதை எழுதவில்லை. உன் மகன் மெராப் என் சமையலறையில் இருக்கிறான்.

எங்கள் அணியின் முற்றுகையிலிருக்கும் நாடாளுமன்றத்தின் நிலவறையிலிருந்து காலையில் நழுவி, எங்கள் தெரு ரொட்டி வரிசையில் நின்றிருக்கிறான், ஜனாதிபதி காவற்படையின் கைப்பட்டையைக் கழற்ற மறந்து. எங்கள் அணி இளைஞன் ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். பெண் தலைத்துணியை எறிந்தால் சண்டை நின்றாக வேண்டும் என்ற நம் திபிலிசி நகரத்து மரபை வகுப்பறையில் காலமெல்லாம் கேலி செய்த நான், இருவருக்கும் நடுவே என் கம்பளித் தொப்பியை எறிந்தேன்.

"பெரியம்மா, இது தொப்பி. செல்லாது!"

"என் தலையில இருந்ததுதானேடா? பனியில கெடக்கு, எடுத்துக் குடு. பெரியவங்களுக்குக் குனியணும்னு உங்கம்மா சொல்லித் தரலியா?"

வரிசையே சிரித்தது. துப்பாக்கிக்காரன் குனிந்தான். நான் மெராப்பைக் காதைப் பிடித்து இழுத்துவந்தேன்.

இரண்டு கிண்ணம் பீன்ஸ் தின்றான். இப்போது நாடாளுமன்றத்துக்கே திரும்பிப் போகிறானாம்.

"தலைவரை விட்டுட்டு ஓடினவன்னு எங்கம்மா நெனைப்பாங்க, அத்தை."

என் மாடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் எரிவது தெரிகிறது. என் சொல் அவனிடம் எடுபடாது. போகாதே என்று நீ வந்து சொல். நீ இருக்கும்வரை அரசியல் பேசமாட்டேன். அது எனக்கு எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும்.

அவனுடைய பூட்ஸை ஒளித்துவைத்திருக்கிறேன். வெறுங்காலோடு பனியில் இறங்கும் அளவுக்கு அவனை நீ வளர்த்திருக்கிறாயா என்பதுதான் தெரியவில்லை. விரைந்து வா.

இப்படிக்கு,
நீ துரோகி என்று அழைப்பவள்