இரண்டாவது அடுப்பு

ஜெராம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய பசுபதி அண்ணனுக்கு,

வணக்கம். நான் வாய் மூடிக்கொண்டிருந்தது போதும். இனியும் பேசாமலிருந்தால் அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். பெருந்தன்மை என்னிடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. மூன்று நாளாக இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறேன். இங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதனால் சொல்லிப் பயனில்லை. எனக்கு வீடு கிடைத்துவிட்டது, அண்ணே! கோல சிலாங்கூர் டவுனுக்குப் பக்கத்தில், புக்கிட் பெலிம்பிங் போகிற வழியில், அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப்போட ஒரு கம்பி. கூடத்து ஜன்னலைத் திறந்தால் கொக்குகள் தெரிகின்றன. நேற்று சாவியைக் கையில் கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டு, வேலை நேரத்தில் எத்தனை முறை தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வரும் வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சுகிறோம்.

எந்த வேலை என்று கேட்பீர்கள். ஜெராமில் ஒரு சீன முதலாளியின் மீன் மொத்த வியாபாரம். படகு வந்ததும் எடை பார்த்து, ஐஸ் போட்டு, லோரியில் ஏற்றுவார்கள். கணக்கு என் பொறுப்பு. சட்டையெல்லாம் மீன் வாடை. டிகிரி வாங்கிக் கிள்ளானில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தவன் இப்படி என்று நம் உறவுக்காரர்கள் பேசலாம். அந்தக் குளிர்சாதன அறையைப் பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே நாளில் பூட்டிவிட்டுப் போனார்கள். இந்த முதலாளியோ, எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்து அனுப்பினார். வாடையைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

நான் எப்படி இங்கே வந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. வேலை போனபின் உங்கள் வீட்டில் தங்கியிருந்தேன் அல்லவா, ஒரு நாள் வேறு வேலைக்கு நேர்முகத் தேர்வு முடிந்து புஞ்சாக் ஆலாமுக்குத் திரும்பி வந்தேன். உங்கள் வீட்டு கேட்டில் புதுப் பூட்டு. என் பை, கேட்டுக்கு வெளியே செருப்புகளோடு வைக்கப்பட்டிருந்தது. பூட்டை மாற்றியது நீங்களா, அண்ணியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. ஒருவர் மேல்தான் கோபப்பட முடியும் என்றால் அது நீங்களாகவே இருக்கட்டும். அண்ணி வேறு வீட்டுப் பெண். நீங்கள் என்னோடு பிறந்தவர்.

அதன்பிறகு கிள்ளான் பஸ் நிலையம், கடைகளின் அஞ்சடி நடைபாதை, பாலத்தடி. அதை விவரிக்கப் போவதில்லை. அரிசி மூட்டையோடு வந்து எங்களை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர். அவர்கள் முகம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கொடுத்த அரிசியை நாங்கள் எந்த அடுப்பில் பொங்குவோம் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அது தோன்றிய ஒரே ஆள் நவமணி. கோல சிலாங்கூரிலிருந்து வாரத்தில் சில நாள் சோற்றுப் பொட்டலத்தோடு வேன் வரும். அதில் வருகிற அம்மா. முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். நான் அந்தச் சோற்றை வாங்காமல் நெடுநாள் இருந்தேன். வாங்கிய அன்று, உங்கள் சாம்பாரில் உப்பு கூடுதல் என்று சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் என்னை அடிக்காத குறைதான். நவமணி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா சார்? அப்ப நாளைக்கு வேன்ல ஏறி வந்து நீங்களே அளந்து போடுங்க லா. வாய் மட்டும் வேலை செஞ்சா எப்படி?" என்றார்.

ரோஷத்தில் ஏறினேன், அண்ணே. நன்றியில் அல்ல.

வேன் எங்கே வந்து நின்றது தெரியுமா? நம் தோட்டத்தில்! கிராணி பங்களா, தோட்ட ஆபீஸ் கணக்கர் குடியிருந்த அந்த வீட்டு வாசலில்! நாம் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள், பங்களாவை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதைத்தான் நவமணியும் அவரோடு இருப்பவர்களும் வாடகைக்கு எடுத்து, வீடில்லாதவர்களுக்கான இல்லமாக நடத்துகிறார்கள். நம் அப்பா, ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தும், செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கப் படிக்குக் கீழே நின்று பேசிய வீடு. எனக்குக் கட்டில் போட்டது கிராணியின் படுக்கை அறையில். முதல் நாள் நான் முன்வாசல் வழியாக உள்ளே போகாமல் நின்றதைப் பார்த்து, கால் வலியாக்கும் என்று நவமணி நினைத்தார். கால் வலியும் இருந்தது. சர்க்கரை கூடி வந்த இனிப்பு நீர்ப் புண். நான் கத்தக் கத்த, தினமும் கழுவிக் கட்டினார். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன கால், இப்போது மூன்று மாடி ஏறுகிறது.

இந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரியத்துக்கும் நமக்கு முன்னால் அதைச் செய்து முடித்தவர்தான் கூட வருவார். அடையாள அட்டை தொலைந்திருந்ததால் எனக்கு எந்த வேலையும் கிடைக்கவில்லை, வங்கியில் கணக்கும் திறக்க முடியவில்லை. பதிவிலாகாவுக்கு என்னைக் கூட்டிப் போனவர் வீரன். லோரியில் சரக்கு ஏற்றி இறக்கும் அட்டெண்டனாக இருந்து, குடியால் வீட்டை இழந்தவர். நான்காவது வகுப்போடு நின்றவர் எனக்கு முன்னே நின்று அதிகாரியிடம் மலாயில் பேசுகிறார், நான் பள்ளிப்பிள்ளை மாதிரி பின்னால் நிற்கிறேன். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. முகவரி என்ன என்று அதிகாரி கேட்டார். பழைய அட்டையில் இருந்தது உங்கள் வீட்டு முகவரி. நான் பதில் சொல்லத் தடுமாறியபோது வீரன் இல்லத்தின் முகவரியைக் கடகடவென்று சொன்னார். புது அட்டை வந்ததும், அடுத்து வந்த ஒருவரை நான் கூட்டிப் போனேன். அப்போதுதான் இந்த வழக்கத்தின் அருமை தெரிந்தது. முகவரி கேட்டதும் அவரும் தடுமாறினார். இல்லத்தின் முகவரியை நான் கடகடவென்று சொன்னேன்.

இப்போது திருவிழா விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கெங்கோ குடிபோனவர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் திரும்பி வருவது உங்களுக்குத் தெரியும். கோயில் கமிட்டியில் இருப்பவர் நீங்கள். இந்த முறை அன்னதானச் சமையலுக்கு ஆள் இல்லை என்று கமிட்டி இல்லத்தில் கேட்டது. நாங்கள் வந்தோம். கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் பெரிய அண்டாவுக்கு முன்னால் நான் நின்றேன். தலையில் துண்டு, முகத்தில் ஆவி. பத்தடி தூரத்தில் நீங்கள்.

பழைய பக்கத்து லயத்து சுப்பிரமணியம் மாமா உங்களிடம் கேட்டார்: "ஏம்ப்பா, ஒன் தம்பிய ரொம்ப வருசமா காணோமே?"

நீங்கள் சொன்னீர்கள்: "அவனா மாமா? சிங்கப்பூர்ல இருக்கான். நல்ல வேலை. வீடெல்லாம் குடுத்திருக்காங்க. லீவு கெடைக்கிறதுதான் செரமம்."

அண்டாவைக் கவிழ்த்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரை வந்தது. ஆனால் உங்கள் குரல் என்னைத் தடுத்துவிட்டது. பொய் சொல்கிறவரின் அவசரம் அதில் இல்லை. நிதானமாக, ஆசையாகச் சொன்னீர்கள், பலமுறை சொல்லிப் பழகிய மாதிரி. கேட்டில் பூட்டு போட்ட வீட்டுக்காரர், பொய்யிலாவது எனக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் கரண்டியால் அண்டாவைக் கிளறத் தொடங்கினேன். நீங்கள் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது முறையும் சாம்பார் கேட்டு வாங்கினீர்கள். யார் சமையல், உப்பு காரம் எல்லாம் அம்மா வைத்த மாதிரியே இருக்கிறது என்று பரிமாறியவரிடம் கேட்டீர்கள். அந்தப் பரிமாறியவர்தான் வீரன். சிங்கப்பூர்க் கதையையும் அவர் காதால் கேட்டிருக்கிறார், அண்டா அருகே நின்ற என் முகத்தையும் பார்த்திருக்கிறார். உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்கு வந்து, "ஏ சிங்கப்பூர், ஒன் அண்ணன் இன்னொரு கரண்டி கேக்குறாரு. ஊத்தவா, வேணாமா?" என்றார். ஊற்றச் சொன்னேன். அன்றிலிருந்து இந்த இல்லத்தில் என் பெயர் சிங்கப்பூர். மீன் கடை முதலாளி வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

இந்த வீட்டுக்கு நானும் வீரனும் சேர்ந்துதான் போகிறோம். இல்லத்தை விட்டுப் போகிறவரை உடனே தனியாக விடமாட்டார்கள். தனிமைதான் ஆளை மறுபடி பாலத்தடிக்கு இழுக்கும் என்பது நவமணியின் கணிப்பு. எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்ததற்குக் காரணம் கேட்டேன். "அவருக்குப் பேச்சு ஜாஸ்தி, உங்களுக்குக் கோவம் ஜாஸ்தி. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவீங்க" என்றார். வீரன் இரவில் விடும் குறட்டையைப் பற்றி நான் புகார் சொல்லியாகிவிட்டது. என் முணுமுணுப்பைப் பற்றி அவரும் சொல்லியிருக்கிறார்.

பால் காய்ச்சும்போது, போகிறவரின் சொந்தத்திலிருந்து ஒருவர் வந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்பது இல்லத்தின் இன்னொரு வழக்கம். யாரும் வராவிட்டால் நவமணியே பற்றவைப்பார். குறை ஒன்றுமில்லை. வீரனுக்கு அவர் மகள் கண்மணி ஈப்போவிலிருந்து வருகிறாள். அப்பனோடு பேசியே பல ஆண்டாகிவிட்டதாம். வருகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. ஒரே சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டு, போடும்போதே காலரைக் கருக்கிவிட்டார். நான் என் சட்டைகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் அடுப்பு இரட்டை அடுப்பு. ஒன்று வீரனுக்கு, ஒன்று எனக்கு. இரண்டிலும் ஒரே நேரத்தில் பால் பொங்க வேண்டும் என்று நவமணி சொல்கிறார். உங்கள் பக்கம் யார் சார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர், "நான் கேட்டது யாரு வருவாங்கன்னு இல்ல. யாரு இருக்காங்கன்னு" என்றார். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பதில்தான் இந்தக் கடிதம்.

லயத்தை விட்டு நாம் மலிவு வீட்டுக்குப் போன அன்று அப்பா உயிரோடு இல்லை. மூத்தவன் நீ பற்றவை என்று அம்மா உங்களிடம்தான் தீப்பெட்டியைக் கொடுத்தார். வெளியே மழை, விறகு ஈரம். நீங்கள் ஊத, நான் விசிற, இருவர் முகமும் கரி. பால் பொங்கியதும் நீங்கள் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். அந்த வீட்டைப் பின்னால் நீங்கள் என்னைக் கேட்காமல் விற்றதையும் நான் மறக்கவில்லை. இரண்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

அன்று பால் பொங்கிய அம்மாவின் பித்தளைச் செம்பு உங்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், அண்ணியின் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில் இருக்கிறது. எனக்கு அது வேண்டும். அது ஒன்றுதான். யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று எழுத நினைத்தேன். பித்தளைச் செம்பை நம்பிக் கொடுக்கிற அளவுக்கு யாரையும் எனக்குத் தெரியாது. தேய்த்துக் கொண்டுவர வேண்டாம், நான் புளி போட்டுத் தேய்த்துக்கொள்கிறேன். படியில் கைப்பிடி இருக்கிறது. உங்களுக்கு முட்டிவலி என்று திருவிழாவில் நடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மெதுவாக ஏறலாம். கீழே வண்டி நிறுத்த இடமும் இருக்கிறது. எந்த புளோக், எந்த வீடு என்பதைத் தெளிவாகப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களிடமும் சித்தப்பா சிங்கப்பூரில் என்று சொல்லியிருந்தால், திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லுங்கள். அது பொய்யாகாது.

கீழே பெயர் எழுத இடம் விட்டிருந்தேன். எட்டிப் பார்த்த வீரன், "சிங்கப்பூர்னு போடு லா" என்று சிரிக்கிறார். ஒன்றும் போடப் போவதில்லை. பெயர் இருந்தால், தபாலை அண்ணி பிரிக்கும்போது நீங்கள் அங்கே நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். இல்லாவிட்டால் எவனோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு அலமாரியைத் திறக்கலாம். மொட்டைக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை என்று கோயில் கூட்டத்தில் சொன்னவர் நீங்கள்தான். பதில் எழுத வேண்டாம். என் கையைப் பிடித்து மணலில் எழுதப் பழக்கியவருக்கு இந்த எழுத்து யாருடையது என்று தெரியும். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில், இதை இப்படியே, கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.