வாடகை டிஸ்க்கில் இல்லாத முடிவு

உன் படம் என் மேசையில் கிடக்கிறது. ஓரம் மஞ்சளித்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு டிஸ்க். உறையின் மேல் வெள்ளவத்தைச் சீடிக் கடையின் ஸ்டிக்கர்: "ஒரிஜினல். கீறினால் தண்டம்." உன் பெயர் எங்கும் இல்லை.

போன மாதம் இதைக் கொண்டுவந்தவள் ஒரு இளம்பெண். மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கும் குழுவொன்றை நடத்துகிறாள். தெமட்டகொடையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் தற்செயலாகக் கிடைத்ததாம்.

"அன்ரி, உங்கட ஃப்ரெண்ட் எடுத்த படம் இதுதானே? அவவுக்கு நினைவா ஒரு காட்சி வைக்கப் போறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்றாள். அவள் முகம் முழுக்கச் சந்தோசம். எனக்கோ அந்த ஸ்டிக்கரைக் கண்டதும் காது சூடாகிவிட்டது. நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னோடு சேர்த்துப் புதைத்தாயிற்று என்று நான் நினைத்திருந்த கோபம் அது.

அந்தக் கடை உனக்கு நினைவிருக்கும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேலே இருந்தது. சனிக்கிழமைகளில் நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவாய். எங்கள் வீட்டில் சாப்பாடு, பிறகு படம். மற்றவர்கள் கடைக்குள் நுழையும்போதே புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்பார்கள். நீ ஒருத்திதான் வேறு கேள்வி கேட்டாய்.

"அண்ணே, இது ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான் தங்கச்சி."

"அப்ப ஏன் நடுவில ஒருத்தன் எழும்பி பாத்ரூம் போறான்?"

"அது கமரா பிரிண்ட். இண்டைக்கு இதைப் பாருங்கோ. வெள்ளிக்கிழமை கிளியர் பிரிண்ட் வரும், அப்ப அவன் இருக்கமாட்டான்."

"அப்ப ஒரிஜினல் எது?"

"ரெண்டும்தான். நான் கொப்பி அடிக்கிறது ஒரிஜினலில இருந்துதானே!"

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். நீ சிரிக்கமாட்டாய். வெறுங்கையோடு படியிறங்கிப் போவாய். பின்னால் நான் ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவேன். வீட்டில் அது ஓடும்போது நீயும் பார்ப்பாய், பேப்பர் வாசிக்கிறவள் போல முகத்தை மறைத்துக்கொண்டு. படம் இறுகி நின்றால் டிஸ்க்கை எடுத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துப் போடுகிறவளும் நீதான்.

பிறகு நீயே ஒரு படம் எடுத்தாய். கொட்டாஞ்சேனையில் உன் பெரியம்மாவின் வீட்டில்தான் படப்பிடிப்பு. மேல்மாடியில் அக்கா, கீழே தங்கச்சி, அப்பாவின் வீடு யாருக்கென்ற சண்டையில் வருடக்கணக்காகப் பேச்சில்லை. அவ்வளவுதான் கதை. நான் மைக் பிடித்தேன். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி தொடங்கி, தோள் உளையும்வரை பிடித்தேன். லீவு நாளெல்லாம் அதிலேயே போனது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் உன்னை அவ்வளவு உயிரோடு அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

தேவாலயத்து மண்டபத்தில் ஒரேயொரு மாலை மட்டும் படத்தைக் காட்டினாய். டிஸ்க் போடமாட்டேன் என்று பிடிவாதம். எனக்காவது ஒன்று தா என்று கெஞ்சினேன்.

"உனக்குத் தந்தா உன்ட அண்ணி கேப்பா. அண்ணிக்கிட்ட இருந்து அவட தங்கச்சி. நாளைக்கு உங்க வெள்ளவத்தை முழுக்க என்ட படத்தைத் தேங்காய்ச் சம்பலோட பாக்கும். ஏலாது டி."

அண்ணிக்குக்கூடக் காட்டமாட்டேன் என்றேன். நீ நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வழமைபோல் நாங்கள் கடைக்குப் போனோம். சுவரில் தொங்கிய உறைகளுக்கு நடுவே உன் படம். நீ கையை நீட்டி அதை எடுத்தாய். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கடையில் ஒரு டிஸ்க்கை உன் பெயரில் வாடகைக்கு எடுத்தாய்.

எங்கள் வீட்டு ஹோலில் உட்கார்ந்து பார்த்தோம். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து யாரோ சின்னக் கமராவில் எடுத்திருந்தான். பாதித் திரையை ஒரு கொண்டை மறைத்தது. இருமல், பிள்ளை அழுகை, யாரோ பிஸ்கட் பக்கற்றைப் பிரிக்கும் சத்தம். அக்கா தேநீரோடு கீழே இறங்கி, தங்கச்சியின் கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள். திரை நீலமானது. உன் படம் ஒரு மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டும். அவனுடைய டேப் ஒரு மணித்தியாலத்தோடு முடிந்துவிட்டது. களவெடுக்க வந்தவனுக்கு இன்னொரு டேப் கொண்டுவரக்கூட மனமில்லை.

மறுநாள் சண்டை பிடிக்கப் போனோம். பிடித்தது நான்தான்.

"முடிவே இல்லாமல் வாடகைக்கு விடுறியள், வெக்கமில்லையே?"

"முடிவு இல்லையெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே தங்கச்சி" என்றார் கடைக்காரர். பிறகு உன் பக்கம் திரும்பி, உண்மையான அக்கறையோடு, "நீங்கள்தான் எடுத்ததோ? கிளியர் பிரிண்ட் இருந்தால் தாங்கோவன். நல்ல விஷயம்தானே" என்றார்.

நீ அவரைக் கிழித்திருக்க வேண்டும். அதைக் காணத்தான் நான் காத்திருந்தேன். நீயோ மெல்லிய குரலில், "எடுத்துக்கொண்டு போனவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாய்.

"ஒரு அம்மா ரெண்டு தரம் எடுத்தவ."

உன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் வெறுத்தேன். திருடியவனின் வாயிலிருந்து வந்த ஒரு சொல் உனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. முழுப் படத்தையும் பார்த்து, மைக்கையும் பிடித்த நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதன்பிறகு கல்யாண வீடுகளில் அதே பேச்சு. "உம்மட படம் பாத்தனான், முடிவுதான் விளங்கேல்லை." நீ விளக்கவில்லை. இன்னொரு படமும் எடுக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் வேலை பார்த்த கந்தோருக்கும் வீட்டுக்குமாக நடந்தாய். படம் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகி, அலுமாரியில் இருந்த டேப்பிலும் பூஞ்சணம் பிடித்தபோதுதான் எனக்குச் சொன்னாய், ஏதோ குடை தொலைந்ததைச் சொல்வது போல. ஒரு பிரதி தந்திருந்தால் நான் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன். நல்லதையெல்லாம் பூட்டிவைத்து உக்கவிட்டாய். கள்ளப் பிரதி மட்டும் தெமட்டகொடை வரை நடந்து போய்ப் பிழைத்திருக்கிறது. நான் யாரோடு கோபிப்பது?

போன மாதம் வந்த அந்தப் பிள்ளை டிஸ்க்கைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தாள். "முடிவு சூப்பர் அன்ரி! கையை உயர்த்துறா, கட். தட்டுறாவா இல்லையா எண்டு எங்களிட்டையே விட்டுட்டா. அந்தக் காலத்தில என்ன துணிச்சல்!"

"அது முடிவில்லை பிள்ளை. டேப் முடிஞ்சது."

அவள் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஆனா இப்பிடியே நல்லாத்தானே இருக்கு?" என்றாள். அறிவிப்பில் அதைப் புகழ்ந்து எழுதி அனுப்பியும் விட்டார்களாம்.

நேற்றுத்தான் அந்தக் காட்சி. ஐம்பது பேர் இருக்கலாம். கொண்டை, இருமல், பிஸ்கட் எல்லாம் பெரிய திரையில் வந்தன. கை உயர்ந்தது, திரை நீலமானது, கைதட்டல் தொடங்கியது. நான் எழுந்தேன்.

"கை தட்டாதேங்கோ. படம் இன்னும் முடியேல்லை."

நீல வெளிச்சத்தில் எல்லா முகங்களும் திரும்பின. சொன்னேன்: "அவ தட்டுறா. கதவு திறக்குது. தங்கச்சி ஒண்டும் கதைக்கேல்லை. கோப்பையை வாங்கிப்போட்டுக் கதவைச் சாத்துறா. அக்கா மேல ஏறிப் போறா. படி வெறுமையாக் கிடக்குது, கனநேரம். பிறகு கதவு கொஞ்சமாத் திறக்குது, ஒரு கை மட்டும் வெளிய வருது. கழுவின கோப்பையைப் படியில கவிட்டு வச்சிட்டு உள்ள போகுது. அதுதான் முடிவு."

அந்தக் காட்சியை எடுத்த நாளில், ஏன் இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்க விடவில்லை என்று நான் உன்னைக் கேட்டேன். "மன்னிச்சிட்டேன்னு சொன்னா நான் நம்பமாட்டேன் டி. கோப்பையக் கழுவித் தந்தா நம்புவேன்" என்றாய். நேற்று அதையும் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "முதல் இருந்த முடிவுதான் நல்லம்" என்றது கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வரும்போது அந்தப் பிள்ளை ஓடிவந்து டிஸ்க்கை என் கையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அன்ரி, கோப்பை என்ன நிறம்?"

"நீலம்" என்றேன், யோசிக்காமல்.

இன்று காலை அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்தது. நீலம் திரையில் அல்லவா இருந்தது? கோப்பை பச்சையாக இருந்திருக்கலாம், உன் அம்மாவின் குசினியிலிருந்து கொண்டுவந்தது. கை வெளியே வந்தபோது வளையல் இருந்ததா? கப்பல் ஊதியதா? ஊதியபடியே விட்டுவிடு என்று நீ சொன்னாயா, இல்லை அது வேறொரு நாளா? நீ எனக்குத் தரமாட்டேன் என்ற பிரதி இப்போது என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் கீறல் விழுந்துவிட்டது.

நான் நீலம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை அந்த ஐம்பது பேருக்கும், அவர்கள் இன்னும் ஐம்பது பேருக்கும் இனி நீலம் என்றுதான் சொல்வார்கள். பிழையென்றால் உயிரோடு இருந்து திருத்தியிருக்க வேண்டியவள் நீ.