முன் அறைக்கு இரண்டு கண்ணாடி போதும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரிலும் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முக்கால்வாசி நலம் என்று எழுதுவதுதான் சரி. மீதிக் கால்வாசியைப் பிறகு சொல்கிறேன், பயப்படாதே. முதலில் இந்தக் கையெழுத்தைப் பார். கோழி கிளறியது போல இருந்தாலும் முழுக்க முழுக்க என்னுடையது. முதியோர் மாலை வகுப்பில் என்னை முன் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள் தெரியுமா. இத்தனை வருஷமும் நான் சொல்லச் சொல்ல உன் அம்மாதான் எழுதினாள். அவளைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் மட்டும் பேனா நின்றுவிடும். "அதெல்லாம் எதுக்குங்க, பாப்பா கவலைப்படுவா" என்பாள். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போன் எப்போதும் அவள் மடியில் இருக்கிறது, அதுவும் ஸ்பீக்கரில். நான் இருமினால்கூட அவளுக்குத் தெரியாமல் உனக்குக் கேட்காது. அதனால்தான் அவள் தைக்க உட்கார்ந்த நேரம் பார்த்து இந்தக் கடிதம்.

இடித்துக் கட்டுகிற முன் அறையின் சுவர் எழும்பிவிட்டது. கொத்தனார் ஜன்னலுக்கு இடம் விட்டுவிட்டு, எத்தனை கண்ணாடி என்று முடிவு பண்ணுங்கள், அதற்குத் தகுந்த சட்டம் வைக்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். எதிரே பஸ் பட்டறை, பகலெல்லாம் இரும்பை அடிக்கிற சத்தம், அதனால் ஒரே ஜன்னலில் அடுக்காக மூன்று கண்ணாடி போடுங்கள், சத்தம் உள்ளே வராது என்று நீ சொல்லியிருந்தாய். அங்கே பெரிய பெரிய கட்டிடங்களுக்கு இரண்டா மூன்றா என்று முடிவு செய்வதே உன் வேலை, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் கண்ணாடிக் கடைக்குப் போனோம். அங்கே ஆள் உயரக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. இப்போதுதான் எனக்குப் படிக்கத் தெரியுமே, விடுவேனா. கண்ணாடிமேல் கையை ஊன்றிக்கொண்டு தொ, டா, தீர், கள் என்று கூட்டிப் படித்து முடித்தபோது என் ஐந்து விரலும் அதில் பதிந்திருந்தன. கடைக்காரர் நல்ல மனுஷர், துணியால் துடைத்துவிட்டு, "ஐயாவுக்கு ரெண்டு கண்ணாடியா மூணு கண்ணாடியா" என்று கேட்டார். நான் மூக்கின் மேல் இருந்ததைத் தொட்டுக் காட்டி, "எனக்கு ஒண்ணுதான், அதுவும் படிக்கிறப்ப மட்டும்" என்றேன். கடையே சிரித்தது. உன் அம்மா சும்மா இருப்பாளா. "மூணாவே குடுங்க, ரெண்டைத் தொலைச்சாலும் ஒண்ணு மிஞ்சும்" என்றாள்.

அப்புறம் மாதிரி ஜன்னல்களைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணாடி போட்டதை உன் அம்மா லேசாகத் திறந்து லேசாகச் சாத்தினாள். மூன்று கண்ணாடி போட்டது கனம். வலது கையால் இழுத்தாள், வரவில்லை. இடது கையையும் சேர்த்து, இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளித்தான் சாத்தினாள். உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நல்லா இருக்கு, இதையே போடுங்க, எங்க பாப்பா சொன்னது இதுதான்" என்றாள். இப்போது அந்தக் கால்வாசிக்கு வருகிறேன். அவளுக்குக் கொஞ்ச நாளாக வலது தோளில் வலி, தலைக்கு மேல் கை போகவில்லை, தலை வாருவதே பெரும் பாடாக இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டார், மூட்டு இறுகியிருக்கிறது, பயிற்சி செய்தால் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார். உனக்கு அவள் எழுதியிருக்க மாட்டாள். உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை மகளே, இந்தக் கை உன் கணக்குக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த முன் அறை ஜன்னல்தானே அவளுக்குக் கடை. தைத்த துணியைக் கொடுப்பது, அளவுத்துணி வாங்குவது, காசு குறைத்துக் கேட்பவர்களோடு சண்டை போடுவது எல்லாம் அது வழியாகத்தான். திறக்க முடியாமல் போனால் இரண்டு நாள் முயற்சி பண்ணுவாள், மூன்றாம் நாள் எனக்கு வயசாகிவிட்டது என்று மிஷினுக்கு உறை போட்டுவிடுவாள். வாயைத் திறந்து கஷ்டம் என்று சொல்லமாட்டாள்.

இதுவரை எழுதிவிட்டு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். வலதுக்கு வருகிற ல தோளுக்கு வருமா என்று சந்தேகம் வந்துவிட்டது. பழக்கதோஷத்தில், "ஏம்மா, தோளுக்கு எந்த ல" என்று உள்ளே இருந்தே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். மிஷின் சத்தம் நின்றது. "யார் தோள்" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டாள். தாளை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். வாத்தியாரிடம் மாட்டிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்து, என் பேனாவை வாங்கி, தோளைத் திருத்தினாள். வேறு எதையும் அடிக்கவில்லை. "கல்லுளிமங்கன், எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது கோள் மூட்டத்தானா" என்று திட்டினாள். பேனாவைத் திருப்பித் தந்துகொண்டே, "அவ படிச்ச படிப்பு, அவ வார்த்தையை நாமளே தட்டினா கோவிச்சுக்க மாட்டாளா" என்று கேட்டாள். அவளுக்குத் தோள்வலியைவிட அதுதான் பெரிய வலி. உன் மகள் ஜன்னலுக்காகவா சொன்னாள், உனக்காகத்தானே சொன்னாள் என்றேன். போனை எடுத்துக் கண்ணாடிக் கடைக்கு அவளே பேசினாள். படுக்கை அறைக்கு மூன்று, அதை யாரும் அடிக்கடி திறக்கப் போவதில்லை, பட்டறைச் சத்தமும் குறையும். முன் அறைக்கு இரண்டு. "கைப்பிடி கொஞ்சம் கீழே வைங்க, எனக்குக் கை மேலே போகாது" என்று ஒரு அந்நிய மனுஷரிடம் அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், நீ கட்டுகிற கட்டிடங்களில் குடியேறுகிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. அடுத்த தடவை போன் செய்யும்போது எடுத்ததும் ஏன் மறைத்தாய் என்று அவளைக் கேட்டுவிடாதே. முதலில் நன்றாகச் சிரி. உனக்குக் கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும். அதற்கு அப்புறம் தோளைப் பற்றிக் கேள், சொல்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா