வாசலுக்கு வடபுறம்

சிவமயம்
தென்காசி
4-7-1964

சென்னையில் கட்டடப் படிப்புப் படிக்கும் என் பேத்தி கல்யாணசுந்தரிக்கு, விசுவநாதர் துணையிருக்க ஆச்சி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நாலு நாளாகச் சாரல் விடவில்லை. குற்றாலம் போகிற வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

நீ வரைந்து அனுப்பிய நம் தெருப் படம் கிடைத்தது. நான் அஞ்சாம் வகுப்புதான். என்றாலும் உன் கடிதத்தை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை. படத்தைச் சரிபார்க்கச் சொல்லி நீ கேட்டதற்காகக் கம்பை ஊன்றிக்கொண்டு கோயில் முனையிலிருந்து சிற்றாற்றுப் படித்துறை வரை நடந்தேன். பிளந்த கோபுரம் அப்படியேதான் நிற்கிறது. ஒலி முகம்மது டீக்கடையில் இருந்தவர்கள், "என்ன ஆச்சி, வீடு வாங்கப் போறியளா?" என்று கேலி செய்தார்கள். என் பேத்தி படம் போடுதா, அதுக்குத்தான் பார்க்கேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

நம் வரிசையில் பதினேழு வீடு. எல்லாம் மேற்கே பார்த்தவை. எல்லாவற்றிலும் வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல். நம் வீட்டில் மட்டும் வடபுறம் வெறும் சுவர். அது ஏன் என்று நீ கேட்டது சரிதான். நெல் அறை, எலி வருகிறதென்று அடைத்தோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

அது உன் அம்மா முத்துவடிவு இருந்த அறை.

உன்னைப் பெற்ற நாற்பதாம் நாள் அவளுக்குப் புத்தி பேதலித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுவாள். ஆற்றுக்குப் போகிறவர்கள் குடத்தோடு நின்று, "ஏட்டி, இன்னைக்கு என்ன பாட்டு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த மாதம் உன் அத்தையைப் பெண் பார்க்கச் சிவகிரியிலிருந்து வருவதாக இருந்தது. கோயிலில் மரியாதை வாங்குகிற குடும்பம் நம்முடையது. கொத்தனார் மாடனைக் கூப்பிட்டேன். "சாரல் வருத பக்கம்லா ஆச்சி, அடைச்சா உள்ள மூச்சு முட்டுமே" என்றான். சொன்ன வேலையைப் பாருலே என்றேன். உன் அப்பா ஏதோ சொல்ல வந்தான். நான் பேசவிடவில்லை.

"காத்து வரலியே அத்தை" என்று பூட்டிய அறைக்குள்ளிருந்து என்னைக் கேட்பாள். ஆவணியில் கல்யாணம் முடியட்டும், திறந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடி முடிய ஒன்பது நாள் இருக்கையில் காய்ச்சலில் போய்விட்டாள். அருவியில் வழுக்கி விழுந்தாள் என்று உன்னிடம் சொன்னது பொய்.

நேற்று மாடனை வரவழைத்து, அடைப்பை எடுக்கச் சொன்னேன். அவனும் கிழவனாகிவிட்டான். தட்டிப் பார்த்துவிட்டு, "இனி எடுத்தா மாடிச் சுவரு எறங்கிரும் ஆச்சி. பாரமெல்லாம் இதும்மேலதான் நிக்கி" என்கிறான்.

ஆகையால், தெரு அழகாக இருக்கட்டும் என்று உன் படத்தில் ஒரு ஜன்னலைச் சேர்த்துவிடாதே. இருக்கிறபடியே போடு. அளவெடுக்க நீ வந்தால், அந்த அறைச் சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது. வராவிட்டால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உன் விடுதி அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, காற்று வருகிறதா என்று மட்டும் ஒரு கார்டில் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சொக்கம்மாள்