டச்பேடும் பாப்பாவும்

சார், உங்கள் லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பியபோது காற்றுத் துளையிலிருந்து ஒரு நெல் உமி என் மடியில் விழுந்தது. சம்பா அறுப்பு நடக்கும்போது, அந்தத் தூசியிலும் வரப்பில் உட்கார்ந்து கணினி பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் வீட்டு அக்காதான் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நீங்கள் மறைந்த பிறகு, துபாயில் இருக்கும் மகளோடு அவர் முகம் பார்த்துப் பேசுவது இதில்தான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் கட்டிலைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. முந்தாநாள், அதில் நீங்கள் போட்டுவைத்த லினக்ஸ் இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து டச்பேடில் விரல் வைத்தால் அம்புக்குறி அசையவில்லை. கடைக்காரர் ஒரு மவுஸைச் செருகிக் கொடுத்துவிட்டு, லினக்ஸை அழித்து வேறு போட்டால் சரியாகிவிடும், நாளை வந்து எடுத்துப்போகிறேன் என்றாராம்.

“மவுஸ எங்க வெச்சு உருட்டுறது டீச்சர், என் வயித்து மேலயா?” என்றார் அக்கா. பிறகு குரல் இறங்கியது. “அவரு போட்டுக் குடுத்தத அழிக்காம முடியுமான்னு பாருங்க.”

கணினியோடு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை வரவழைத்து மூன்று முறை படித்தேன். டச்பேட் என்ற பெயரே இல்லை. கெட்டுத்தான் போயிருக்கும் என்று நினைத்தபோது பாப்பா நினைவுக்கு வந்தாள்.

நான் நம் பள்ளிக்கு வந்த முதல் வாரம், ஒன்றாம் வகுப்பு. “மங்கையர்க்கரசி” என்று தினமும் கூப்பிடுவேன். “உள்ளேன் அம்மா” வராது. ஆப்சென்ட் போடுவேன். சாக்பீஸ் கேட்டு வந்த நீங்கள் வாசலில் நின்று சிரித்தீர்கள்.

“பேரக் கூப்பிட்டு பதில் வரலன்னா ஆளே வரலன்னு ஆயிடுமா டீச்சர்? தலைய எண்ணுங்க.”

எண்ணினேன். வந்ததாகக் குறித்ததைவிட ஒரு தலை கூடுதல். முன்வரிசையில் வாரம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான்! வீட்டிலும் தெருவிலும் எல்லோருக்கும் அவள் பாப்பா. “அது என் பேரா?” என்று அவளே கேட்டாள்.

பட்டியலில் பெயரைத் தேடுவதை விட்டு எண்ணினேன். மவுஸ் என்று இரண்டு. செருகியிருப்பதோ ஒன்று. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி பார்த்தேன். ஒரு மவுஸ் அப்படியே இருந்தது. அதுதான் டச்பேட்! கணினி அதை மவுஸ் என்று எழுதிக்கொண்டு மவுஸின் பாஷையில் பேசிக்கொண்டிருந்தது. அது எப்படிப் பதில் சொல்லும்?

எழும்பும்போது கணினி படிக்கும் கோப்பைத் திறந்தேன். புதுப்பித்ததில் அது மாறியிருந்தது. பக்கத்திலேயே பழைய பிரதி. அதில் ஒரு வரி கூடுதல், டச்பேடோடு எந்த பாஷையில் பேச வேண்டும் என்று. அதற்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக, நீங்கள் தட்டியிருந்த ஒரே சொல்:

# பாப்பா

நீங்களும் இதே இடத்தில் முட்டிக்கொண்டு இவளையே நினைத்திருக்கிறீர்கள். ஒரு நாளும் சொன்னதில்லையே சார்!

“யாரது பாப்பா? எங்கிட்ட சொல்லாத பாப்பா?” என்று அக்கா திரையை எட்டிப் பார்த்தார். கதையைச் சொன்னேன். சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வரியை உங்கள் சொல்லோடு புதிய கோப்பில் சேர்த்து, கணினியை அணைத்து எழுப்பிக் கொடுத்தேன். அக்கா விரல் வைத்தார். அம்பு ஓடியது. “கடைக்காரர் வந்தா காபி குடுத்து அனுப்பிடலாம்” என்றார்.

எது காணாமல் போனாலும் இப்போது நான் முதலில் எண்ணத்தான் செய்கிறேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்த நீங்கள் இல்லாத வீட்டில், உங்கள் சொல்லுக்குக் கீழே நானும் ஒன்று தட்டிவைத்தேன்:

# உள்ளேன்