உன் பெயர் விழாத அட்டை

மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக இன்று அச்சகத்துக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்த தாளில் ஒரு வரிகூட என்னால் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன், போய்ச் சேராது என்று தெரிந்தும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். உன் தையல் மிஷின் நின்றால் இந்தப் பக்கம் எனக்குத் தெரியும். நீ தைத்த கவுனைத் திருப்பிப் போட்டாலும் எது உள்பக்கம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வீட்டில் துணி கொடுத்துவிட்டு ஓடிவந்தாய்.

"அங்க வாசல்ல ஒரு தட்டு இருக்குடி. வர்றவங்கெல்லாம் பேரு போட்ட சின்ன அட்டைய அதுல போட்டுட்டுப் போறாங்க. என் தையலுக்கும் அது மாதிரி ஒண்ணு வேணும். நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே, எழுதிக் கொடு."

நான் எழுதிக் கொடுத்ததில் ரவிக்கை, கவுன், திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் இருந்தன. போதாதென்று சுற்றிலும் பூக்கொடி வேறு. நீ அதை ஓர் அட்டைத் துண்டில் ஒட்டி, என் முன்னால் நீட்டி, உடனே முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாய்.

"என்ன படிச்ச?"

"திரைச்சீலை."

"எழுதின உனக்கே அவ்வளவுதான் தெரிஞ்சுது. யாரு, என்ன வேலை, எங்க. இது போதும்டி."

பூக்கொடி போயிற்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உடுப்பு என்ற ஒரே வரி நின்றது. குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், உன் கணவர் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதி, கீழே 'முருங்கை மரம் நிற்கும் வீடு' என்று சேர்க்கச் சொன்னாய். மேலே, பெரிய எழுத்தில், உன் பெயர்.

அங்கேதான் உன் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். "பொம்பள பேர ஊரெல்லாம் கொடுப்பாங்களா?"

"தைக்கிறது நான். கை இறுக்கமாப் போனா பேச்சு வாங்குறதும் நான். பேரு மட்டும் உங்களுதா?"

அவர் சிரித்துவிட்டார். "சரிலா, உன் இஷ்டம்."

அச்சகத்திலிருந்து அட்டைகள் அடங்கிய பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் மேலே இருந்தது அவர் பெயர். உன் பெயர் எங்குமே இல்லை. அச்சகத்துக்காரரிடம் போய்க் கேட்டோம். "டைலர்னா ஆம்பளதானேம்மா? நீங்கதான் தப்பா எழுதிட்டீங்கன்னு நானே திருத்திட்டேன்" என்றார். நல்லது செய்ததாகவே நினைத்திருந்தார்.

"இருக்கட்டும்டி. இது தீரட்டும். அடுத்த தடவ முதல் வேலை இதுதான்" என்று திரும்பும் வழியில் சொன்னாய். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முருங்கை மரத்தைத் தேடி ஆட்கள் வரத்தான் செய்தார்கள். அதனால் நாமும் விட்டுவிட்டோம்.

அப்புறம் கிள்ளான் ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தாள். நீயும் நானும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தோம். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்திருக்கிறார். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு முழுக்க உடுப்பு தைக்க ஆள் வேண்டுமாம். அட்டையிலிருந்த பெயரைச் சொல்லி, அது அவர்தானே என்று மலாயில் கேட்டாளாம். ஆமாம் என்றிருக்கிறார். தைத்ததைக் காட்டு என்றதும், பாதித் தூக்கத்தில், எனக்குத் தைக்கத் தெரியாதே என்றிருக்கிறார். என் சம்சாரம்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்து இதைக் கேட்டதும், காய்கறிக் கூடையோடு ஸ்டேஷனுக்கு ஓடினோம். கிள்ளான் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த வண்டியில் போகலாம் என்றேன். "எந்த ஸ்கூலுன்னே தெரியலையேடி" என்றாய். அவரை நீ ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்று முழுக்க மிஷின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

உன் பெயர் போட்ட புது அட்டைக்குச் சொல்லப் போகிறேன் என்று அவரே சொன்னார். அதற்குள் மழைக்காலம் வந்தது, உனக்குக் காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன் பெயர் கேட்டபோது, அவர் பழக்கத்தில் இன்னாருடைய மனைவி என்றார். நீ கண்ணைத் திறந்து, உன் பெயரை நீயே சொன்னாய். நான் கேட்ட உன் கடைசிச் சொல் அதுதான். அவள் அதை எழுதிக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது.

அந்த அட்டைகளை வந்த அன்றே அச்சகத்தில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அடுத்த தடவை என்று ஒன்று இருப்பதாக இருவருமே நம்பினோம்.

இப்போதும் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடிவருகிற பெண்கள் இன்னார் சம்சாரம் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். "அது சரி, உங்க பேரு என்ன?" என்று கேட்கிறேன். சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் உள்ளே இருக்கும் கணவரைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்லும்வரை நான் நகர்வதில்லை.